அறுபத்தொரு பேருக்கு என்னைப் பிடித்திருந்தது

அத்தியாயம் 3

"அறுபத்தொரு ஓட்டு," என்றார் ஸ்டைல்ஸ். "எப்படி வாங்கினீங்க?"

என் அலுவலகத்தில் ஆடாத நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். தலைநகர் மான்பிலியரிலிருந்து காலை பத்து மணிக்கு வந்து இறங்கிய அரசாங்க வக்கீல். முப்பது வயது இருக்கும். ஷூவில் துளி சேறு இல்லை. நவம்பர் மாதம் வெர்மான்ட்டில் இப்படி ஒரு ஷூவைப் பார்த்தால் எந்தத் துப்பறிவாளனும் ஆள் வெளியூர் என்று சொல்லிவிடுவான். நான் சொல்லவில்லை. அவரே அட்டையை நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எதுல அறுபத்தொண்ணு?" என்றேன்.

"போன செவ்வாய்க்கிழமை வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு நடந்த காங்கிரஸ் தேர்தல்ல. உங்க ஊர் நார்த் பெல்டன்ல மொத்தம் முன்னூத்தி நாப்பத்தெட்டு ஓட்டு. அதுல அறுபத்தொரு பேர், அச்சடிச்ச பேரு அத்தனையும் விட்டுட்டு, அடியில இருக்கிற காலி வரியில கையால ஒரு பேரை எழுதியிருக்காங்க. ஆல்டன் திபோ. நீங்கதானே?"

நான்தான். ஆல்டன் திபோ, தனியார் துப்பறிவாளன், வயது ஐம்பத்திரண்டு. காணாமல் போன கிடேரிகளைக் கண்டுபிடிப்பதில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. மாவட்டத்தில் வேறு துப்பறிவாளனே இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

விஷயத்தைக் கேட்டதும் நான் பதறியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டேன். ஒரு ஊரில் அறுபத்தொரு பேர், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், என்னை வாஷிங்டனுக்கு அனுப்ப ஆசைப்பட்டிருக்கிறார்கள். அங்கே வாடகை எப்படி இருக்கும் என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

"உன் கல்யாணத்துக்கே பதினாலு பேர்தான் வந்தாங்க," என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

பெர்னிஸ், என் உதவியாளர். அறுபத்தைந்து வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். என்னையும் அதே பஸ்ஸில் ஏற்றிப் போயிருக்கிறார். இன்று நான் சம்பளம் கொடுக்கிற முதலாளி என்பதால் என்னை 'பாஸ்' என்று கூப்பிடுவார். கூப்பிடும் தொனி மட்டும் பின் சீட்டில் சத்தம் போடும் பையனை அதட்டுகிற பழைய தொனிதான்.

ஸ்டைல்ஸ் சிரிக்கவில்லை. "நம்ம மாநிலத்துக்கு மொத்தமே ஒரு காங்கிரஸ் சீட்டு. கவர்னர், செனட்டர் ரெண்டுலயும் தகராறு இல்ல, நல்ல வித்தியாசம். காங்கிரஸ் சீட்டுலதான் ரெஜினா ஹோல்கம் தோத்திருக்காங்க. மாநிலம் முழுக்கச் சேர்த்து எத்தனை ஓட்டுல தெரியுமா? முப்பத்தெட்டு."

இப்போது பதறினேன்.

"யாரோ திட்டம் போட்டு இங்கே ஓட்டைப் பிரிச்சுட்டாங்கன்னு அவங்க ஆளுங்க புகார் கொடுத்திருக்காங்க. முடிவை உறுதி செய்யற குழு இன்னைக்கு நாலு மணிக்குக் கூடுது. நான் ரெண்டரைக்கு டவுன் ஹாலுக்கு வருவேன். நம்பற மாதிரி ஒரு காரணம் வேணும். நீங்க பதிவு செய்யாம ரகசியமா பிரசாரம் பண்ணியிருந்தா உங்க உரிமம் போகும். இல்லேன்னா, ஓட்டுச்சாவடியை நடத்தினவங்க ஏதோ பண்ணியிருக்கணும். டவுன் கிளார்க் லோயிஸ் பின்னி. காலையில விசாரிச்சேன். ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பதில் சொல்லியாகணும்."

லோயிஸின் பெயரைக் கேட்டதும் என் காது சூடானது. பெர்னிஸ் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

லோயிஸும் நானும் ஒரே வகுப்பு. இருபத்துமூன்று வருடமாக அவள் இந்த ஊரின் கிளார்க். பிறப்பு, இறப்பு, நாய் உரிமம், நிலப்பத்திரம் எல்லாம் அவள் கையெழுத்தில்தான். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி அவளையே தேர்ந்தெடுப்போம். என் கை எப்போதும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். எனக்கு நாய் கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை போய் நாய் உரிமம் பற்றி விசாரிப்பேன்.

ஸ்டைல்ஸ் ஒரு தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஊர் முடிவுகளின் நகல். அதில் லோயிஸின் கையெழுத்தில் இப்படி இருந்தது: கையால் எழுதப்பட்ட பெயர்கள். கவர்னர்: எவருமில்லை. செனட்: எவருமில்லை. காங்கிரஸ்: ஆல்டன் திபோ, மில் ரோடு, 61.

நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

என் கார் மூன்று வாரமாகப் பட்டறையில் கிடந்ததால் பெர்னிஸின் பிக்அப்பில் கிளம்பினோம். மரங்களில் இலை ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். பாதி ஊர் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையைத் தேடி எடுத்துக் கொடியில் போட்டிருந்தது.

"கவனிச்சீங்களா?" என்றேன். "கவர்னருக்கு என் பேரை ஒருத்தர்கூட எழுதல. காங்கிரஸுக்கு மட்டும்தான்."

"அதுக்கு என்ன அர்த்தம் பாஸ்?"

"மாநிலத்தோட நிறுத்த முடியாத பெரிய ஆள் நான்னு ஜனங்க நெனச்சிருக்கலாம்."

பெர்னிஸ் வண்டியை ஓரங்கட்டி, ஒரு நிமிடம் சிரித்து முடித்துவிட்டு மறுபடி கிளப்பினார்.

முதலில் ஹோமர் கில்லெட்டைப் பார்த்தோம். எழுபது வயது, நாற்பது மாடு. ஓட்டு எண்ணும் வேலை எங்கள் ஊரில் மெஷினுக்குக் கிடையாது. கட்சிக்கு ஒருவராக இரண்டிரண்டு பேர் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து கையால் எண்ணுவார்கள். ஹோமர் முப்பது வருடமாக எண்ணுகிறார்.

"வாடா காங்கிரஸ்காரா," என்றார் தொழுவத்திலிருந்து. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதை?"

"இந்தக் கிண்டலைத்தான். ஊரே ஒண்ணு சேர்ந்து உன்னை வச்சு விளையாடியிருக்கு. எனக்கு மட்டும் யாரும் சொல்லல. எண்ண எண்ண உன் பேரா வந்துச்சு. மனசு விட்டுப்போச்சுடா. நானும் இந்த ஊர்க்காரன்தானே?"

"கிண்டல்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

ஹோமர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

பெர்னிஸ் குறுக்கே வந்தார். "ஹோமர், அந்த அறுபத்தொரு ஓட்டுச்சீட்டுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுச்சா?"

"நல்ல சீட்டு. தொல்லை கொடுக்காத சீட்டு."

"தொல்லைன்னா?"

"தபால்ல வர்ற சீட்டை மூணா மடிச்சுல்ல அனுப்புவாங்க. அதை ஒவ்வொண்ணா நீவி நேராக்கணும். என் கட்டைவிரல் இன்னும் வலிக்குது. இவன் பேர் எழுதின சீட்டு ஒண்ணுகூட மடிச்சதில்ல. எல்லாம் சாவடியில வாங்கி, அங்கேயே போட்ட சீட்டு. தட்டையா இருந்துச்சு. அந்த விஷயத்துல நீ நல்ல வேட்பாளர்டா ஆல்டன்."

"நீங்க உங்க ஓட்டை எங்கே போட்டீங்க?"

"நான் தபால்ல. எண்ணற நாள்ல எனக்கு வரிசையில நிக்க எங்கே நேரம்?"

வண்டிக்குத் திரும்பியதும் என் ஊகத்தைச் சொன்னேன். "வீட்டுல உக்காந்து ஓட்டுப் போடறவங்க சோம்பேறிங்க. நேர்ல வர்றவங்க தைரியசாலிங்க. தைரியசாலிங்க என் பக்கம்."

"நீ எங்கே போட்டே?"

"தபால்ல."

சாவடி இருந்த டவுன் ஹால் என் வீட்டு வாசலிலிருந்து ஐம்பது அடி. இதைப் பெர்னிஸ் சொல்லிக் காட்டவில்லை, அந்த அளவுக்கு இரக்கம் அவரிடம் உண்டு. வேறு ஒன்று சொன்னார்.

"இப்படிப் பாரு பாஸ். வீட்டுல காபி குடிச்சுக்கிட்டு, ரெண்டு வாரம் நிதானமா யோசிச்சு ஓட்டுப் போட்டவங்கள்ல ஒருத்தருக்குக்கூட உன் நெனப்பு வரல. அதே ஊர் ஜனம் டவுன் ஹாலுக்குள்ள காலெடுத்து வச்சதும் அறுபத்தொரு பேருக்கு வந்துடுச்சு. அங்கே என்ன இருக்கு?"

"லோயிஸ் இருக்கா," என்றேன். சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

அடுத்து, எனக்கு ஓட்டுப் போட்ட ஒருவரையாவது பிடிக்க வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்பது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவு. அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, எங்கே தெரியும் என்றால் டெல்ஃபின் ரூ அம்மாவின் மளிகைக் கடையில். வாசலில் மான் எடை போடும் தராசை இரண்டு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே டெல்ஃபின் டோனட் பொரித்துக்கொண்டிருந்தார்.

பெர்னிஸ் நேராக விஷயத்துக்கு வரவில்லை. "டெல்ஃபின், ஹோல்கம் அம்மா தோத்துடுச்சாமே. பாவம், நீ அதுக்குத்தானே போட்டே?"

"அந்தப் பொம்பளைக்கா? ஊருக்கு ஒரு தடவை வந்துச்சு. என் டோனட்டைப் பாதி தின்னுட்டு வச்சுட்டுப் போச்சு."

"அப்ப ஜெயிச்ச ஆளுக்கா?"

"அந்தாளு பால் விலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினானா? ரெண்டும் வேணாம்னு காலி வரியில எழுதிட்டு வந்தேன்."

"யாரை?"

"மில் ரோடு திபோவை."

நான் கௌண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முடிந்தவரை அடக்கமாகப் புன்னகைத்தேன். "அது நான்தான், அம்மா."

டெல்ஃபின் கரண்டியை எடுக்க மறந்து என்னைப் பார்த்தார். "நீ டிராக்டர் கடை திபோ."

"டிராக்டர் பாகங்கள் விக்கற கடைக்கு மேல குடியிருக்கேன். பேரு ஆல்டன் திபோதான். ஊர்ல வேற ஆல்டன் திபோ கிடையாது."

"நீயா?" அவர் முகத்தில் பரவிய திகிலை என்னால் லேசில் மறக்க முடியாது. "மில் ரோட்டுல உன் சொந்தக்காரர் யாரோ இருக்கார், மரியாதைப்பட்ட மனுஷர்னு நெனச்சுல்ல போட்டேன்! ஐயோ கடவுளே, உனக்கா?"

"மில் ரோட்டுல ஒரு திபோ இருக்கார்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"பேச்சை விடு. வெளியே சொன்னீன்னா உனக்கு இனிமே இங்கே டோனட் கிடையாது." அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு தட்டு டோனட் கருகிப் போனது.

வெளியே வந்து பிக்அப்பில் சாய்ந்துகொண்டு ஸ்டைல்ஸின் தாளை எடுத்துப் பிரித்தேன். ஆல்டன் திபோ, மில் ரோடு. எங்கள் ஊரில் ஒரே பெயரில் அப்பாவும் மகனும் பேரனுமாக மூன்று மூன்று பேர் இருப்பார்கள். ஹோமர் கில்லெட் என்ற பெயரிலேயே மூன்று பேர். அதனால் கையால் எழுதினால் பெயருக்குப் பக்கத்தில் தெருவையும் எழுத வேண்டும் என்பது லோயிஸ் வைத்த ஒழுங்கு.

சிக்கல் என்னவென்றால், விவாகரத்து ஆனதும் மில் ரோடு வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஒன்பது வருடமாகிறது. நான் எங்கே குடியிருக்கிறேன் என்பது ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும். துப்பறியும் தொழிலில் பதினாறு வருடம் ஆன நான், என் சொந்த விலாசம் தப்பாக எழுதியிருந்த தாளைக் காலையிலிருந்து மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

"அறுபத்தொரு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க," என்றேன். "அப்படின்னா ஒரே இடத்துலேருந்து எடுத்திருக்காங்க."

"அடடே," என்றார் பெர்னிஸ். இது கிண்டல் இல்லாத 'அடடே'. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும்.

"நான் இன்னும் மில் ரோட்டுல இருக்கிறதா சொல்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான். வாக்காளர் பட்டியல். விலாசம் மாத்தணும்னு ஒன்பது வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். பட்டியல் லோயிஸ் கையில. அவதான் என் பேரைப் பரப்பியிருக்கா."

"எதுக்கு?"

பிக்அப்பில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியைத் திருப்பித் தலையை வாரினேன். ஒரு பெண் தன் இருபத்துமூன்று வருட உத்தியோகத்தைப் பணயம் வைத்து ஒரு ஆணைக் காங்கிரஸுக்கு அனுப்பப் பார்க்கிறாள் என்றால் அதற்கு எனக்குத் தெரிந்து ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"பாஸ்," என்றார் பெர்னிஸ் வண்டியை எடுத்தபடி. "லோயிஸுக்குக் கண்ணு நல்லா தெரியும். அதையும் மனசுல வச்சுக்க."

டவுன் ஹாலை அடைந்தபோது மணி இரண்டு. லோயிஸ் தனியாக மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு காபி ஆறிக் கிடந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு வாரமாக அவள் தூங்கவில்லை என்று யாருக்கும் தெரியும். எனக்கே தெரிந்தது.

"லோயிஸ்," என்றேன், தணிந்த குரலில். "எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. மில் ரோடு உன் பட்டியல்ல மட்டும்தான் இருக்கு. ஏன் இப்படிச் செஞ்சே? எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே."

அவள் முகம் வெளுத்தது. எழுந்து போய், மடக்கிய ஓட்டுச்சாவடித் தட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டிய தாளை எடுத்தாள். இத்தனை பெரிய காதல் கடிதமா என்று நினைத்தேன்.

அவள் அதை மேஜைமேல் விரித்தாள். ஒரு வாக்குச்சீட்டின் மேல்பகுதி, பெரிதாக நகலெடுத்தது. காங்கிரஸ் வேட்பாளர்களின் பெயர்கள், அவற்றின் அடியில் காலி வரி. அந்த வரியில் சிவப்புப் பேனாவால், அழகான கையெழுத்தில், 'ஆல்டன் திபோ, மில் ரோடு' என்று எழுதி, பக்கத்திலிருந்த வட்டத்தையும் நிரப்பியிருந்தாள். உச்சியில் கொட்டை எழுத்தில் இரண்டே வார்த்தை. 'இப்படி எழுதவும்.'

ஓட்டுப் போடும் ஐந்து தட்டி மறைப்புக்கும் ஐந்து தாள் ஒட்டியிருந்தாளாம்.

"விளக்கத்துக்குத்தான் ஒட்டினேன்," என்றாள். "பேரை எழுதினா வட்டத்தை நிரப்ப மாட்டேங்கறாங்க. வட்டத்தை நிரப்பினா பேரை எழுத மாட்டேங்கறாங்க. எண்ணறவங்க என்னைத் திட்டறாங்க. அதான் ஒரு மாதிரி எழுதிக் காட்டலாம்னு..."

"மாதிரிக்கு நிஜ ஆளோட பேரா?" என்றார் பெர்னிஸ்.

"போன தேர்தல்ல 'உங்கள் வேட்பாளர் பெயர், உங்கள் வேட்பாளர் தெரு'ன்னுதான் எழுதி ஒட்டினேன். பதினேழு பேர் அதையே அப்படியே எழுதிப் பெட்டியில போட்டுட்டுப் போனாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதனால இந்தத் தடவை, எழுதினாலும் யாருக்கும் நிஜமா போடத் தோணாத ஒரு பேரா தேடினேன்."

காலையில் நேராக்கிய சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டேன்.

"ரொம்ப நேரம் தேடினியா?" என்றேன்.

லோயிஸ் பொய் சொல்லத் தெரியாதவள். "இல்ல ஆல்டன். உடனே தோணிடுச்சு."

பெர்னிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு வலித்தது. சிரித்து மழுப்பலாம்தான், ஆனாலும் வலித்தது. அறுபத்தொரு பேருக்கு என்னைப் பிடித்திருந்தது என்று நாலு மணி நேரம் நம்பியிருந்தேன். ஒருத்திக்காவது பிடித்திருந்தது என்று கடைசிப் பத்து நிமிடம் நம்பியிருந்தேன்.

"எண்ணும்போதே எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றாள் லோயிஸ். "தாளையெல்லாம் கிழிச்சு எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். காலையில அந்த வக்கீல் வந்து உன் உரிமம் போயிடும்னு சொன்னார். அப்பக்கூட நான் வாயைத் திறக்கல. சாவடிக்குள்ள ஒரு பேரை ஒட்டறது எவ்வளவு பெரிய தப்புன்னு ஊருக்கே பாடம் எடுக்கறவ நான். பயந்துட்டேன் ஆல்டன். உன்னை மாட்டி விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி இரண்டரை.

நான் அந்தத் தாளைச் சுருட்டி நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை பெர்னிஸ் கேட்கிறார். அவள் அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். இருபத்துமூன்று வருடம் ஒரு கையெழுத்துக்கூடப் பிசகாத பெண்.

ஸ்டைல்ஸ் உள்ளே வந்தார். ஷூவில் இப்போது சேறு இருந்தது.

"நான்தான் பண்ணினேன்," என்றேன். "ரகசியப் பிரசாரம். வீடு வீடாப் போய்."

"நீங்களா?"

"நான்தான்."

"எத்தனை வீடு போனீங்க?"

"அறுபத்தொண்ணு."

"போன வீடு அத்தனையிலயும் சம்மதிச்சாங்களா? ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லலையா?"

"நான் பேசினா ஜனங்க மயங்குவாங்க," என்றேன்.

ஸ்டைல்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு பெர்னிஸைப் பார்த்தார். பெர்னிஸ் கூரையைப் பார்த்தார்.

"மிஸ்டர் திபோ, மத்தியானம் அந்த மளிகைக் கடையிலதான் சாப்பிட்டேன். உங்களைப் பத்தி விசாரிச்சேன்," என்றார் ஸ்டைல்ஸ், முதல்முறையாகக் கொஞ்சம் கனிவுடன். "நீங்க அறுபத்தொரு பேரைப் பேசி மயக்கினீங்கன்னு நான் அறிக்கை எழுதினா, என் மேலதிகாரி என்னைத்தான் விசாரிப்பார். உண்மையைச் சொல்லுங்க."

லோயிஸ் எழுந்தாள். "எந்திரி ஆல்டன்," என்றாள். நான் அசையவில்லை. என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, நாற்காலியிலிருந்து தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், என்னை மாட்டிக்கொள்ள விட்டது உட்பட.

ஸ்டைல்ஸ் 'இப்படி எழுதவும்' என்பதை இரண்டு முறை படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இதுல சதி எதுவும் இல்ல," என்றார் கடைசியில். "எழுதின ஓட்டு எழுதினதுதான், அதைப் பிடுங்கி வேற யாருக்கும் கொடுக்க முடியாது. முடிவு அப்படியேதான் நிக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுறேன். உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், மிஸ் பின்னி. பதவியில இருக்கறதும் போறதும் உங்க ஊர் விஷயம். மார்ச் கூட்டத்துல ஜனங்க முடிவு பண்ணட்டும்."

அவர் போய்விட்டார். என் உரிமம் பிழைத்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினால், லோயிஸ் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ராஜினாமா. நான்கே வரி, வழக்கமான அழகான கையெழுத்து.

"வேணாம் லோயிஸ்," என்றேன். "அவரே விட்டுட்டுப் போயிட்டார்."

"அவர் விட்டுடலாம். தப்பு பண்ணினதுகூடப் பரவாயில்ல. மறைச்சேனே. அதுக்கப்புறம் இந்த நாற்காலியில எப்படி உக்கார்றது?"

"இந்த ஊர்ல தப்புப் பண்ணினது நீ மட்டுமா? அறுபத்தொரு பேர் சுவத்துல இருந்ததைப் பார்த்து எழுதியிருக்காங்க. நான் அதைப் பாசம்னு நம்பிட்டு ஊர் சுத்தியிருக்கேன். உன்னைவிடப் பெரிய முட்டாளுங்க அறுபத்திரண்டு பேர் வரிசையில இருக்கோம்."

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை உறையில் போட்டாள். நாக்கால் ஓரத்தை ஈரமாக்கினாள். நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு ஆளைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"போறதுன்னா போம்மா," என்றார் பெர்னிஸ், கோட்டை மாட்டிக்கொண்டே. "ஆனா அந்த இடத்துக்கு மார்ச்ல யாராவது நிக்கணும்ல? யாரு இருக்கா? ஹோமருக்கு மாடு. டெல்ஃபினுக்குக் கடை. நம்ம ஆல்டன் சும்மாதான் இருக்கான். ஏற்கெனவே அறுபத்தொரு ஓட்டும் கையில இருக்கு."

லோயிஸின் கை நின்றது.

மெதுவாக நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். நூற்றைம்பது வருடத்து நிலப்பத்திரங்கள், வருடவாரியாக அடுக்கிய பிறப்புப் பதிவேடுகள், நிறம் நிறமாகப் பிரித்து வைத்த நாய் உரிமங்கள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தப்பான பட்டன் ஓட்டையில் மாட்டியிருந்த சட்டைப் பட்டனை, சேறு அப்பிய பூட்ஸை, அந்தப் பூட்ஸ் அவள் தரையில் பதித்த அச்சுகளை.

"எனக்கு எழுத்து வேலை பிடிக்கும்," என்றேன், உதவியாக இருக்கட்டும் என்று.

லோயிஸ் உறையை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனாவோடு என் பக்கம் தள்ளினாள்.

"விலாசம் மாத்தற படிவம்," என்றாள். "உக்காந்து ஒழுங்கா எழுது. புரியலேன்னா கேளு. மாதிரி கிடையாது."